‘முருகன் துணை’ என்று எழுதுகிறவருக்குத் தனிமை வரலாமா?

 

நம்ம க்ரூப்ல காலையில அஞ்சு மணிக்கே முதல் மெசேஜ் வந்துடும். ஒரு வேல் படம், கீழே ‘வேலும் மயிலும் துணை’. அடுத்த அரை மணி நேரத்துல அம்பது பேர் கைகூப்பியிருப்பாங்க. கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில், லாரியின் நெற்றியில், பனியன் கம்பெனி பில் புக்கின் முதல் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் ‘முருகன் துணை’. துணை என்கிற இந்த ஒரு வார்த்தையை நம்ம அளவுக்கு எழுதறவங்க வேற யாரும் இருக்க மாட்டாங்க.

அதனாலேயே ஒரு கேள்வியை நாம வெளியில கேக்கறதில்லை. முருகன் துணை இருக்கும்போது ஒருத்தருக்குத் தனிமை வரலாமா? வந்தா அது பக்திக் குறைவா?

இந்தக் கேள்வியோட இருக்கறவங்க நம்ம நடுவுலயே நிறைய பேர் இருக்காங்கன்னு நினைக்கிறேன். கந்த சஷ்டி கவசம் சொல்லுவாங்க, கிருத்திகை விரதம் இருப்பாங்க. ராத்திரி ரூம் கதவைச் சாத்தினதும் நெஞ்சுல ஒரு கல் வந்து உக்காரும். ‘சாமி கும்புட்டும் இப்படி இருக்கே’ன்னு அந்தக் கல்லு மேல இன்னொரு கல்லும் சேரும். வெளியில சொன்னா ‘உனக்கு நம்பிக்கை பத்தலை தம்பி’ன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு சொல்லாமலே இருந்துடுவாங்க.

அந்தக் கேள்விக்கு என் அறிவுக்கு எட்டின பதிலை எழுதறேன். நான் பெரிய தமிழ் படிச்சவன் இல்லைங்க. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர் எழுதறவன். இலக்கியம் எல்லாம் நானா தேடிப் படிச்சதுதான். பெரியவங்க பொறுத்துக்கணும்.

கூட்டத்துக்கு நடுவில்

திருப்பூர்ல தனிமைன்னு சொன்னா சிரிப்பாங்க. 2024-25ஆம் நிதியாண்டில் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் 40,000 கோடி ரூபாயைத் தாண்டிய ஊர் இது. ராத்திரி எட்டரை மணிக்கு ஒன்றரை ஷிப்ட் விடும்போது அவிநாசி ரோட்டுலயும் பல்லடம் ரோட்டுலயும் நடக்க இடம் இருக்காது. காம்பவுண்டு வீட்டுல பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேர், ஆறு பேர். இதுல யாருங்க தனியா இருக்காங்க?

ஆனா அந்தக் கூட்டம் எப்படிச் சேர்ந்ததுன்னு பாருங்க. முதல்ல சுத்துப்பட்டு ஊர்க்காரங்க வந்தாங்க. அப்புறம் தேனி, மதுரை, திண்டுக்கல், தஞ்சாவூர்னு மழை பொய்ச்ச ஊர்ல இருந்தெல்லாம் வந்தாங்க. இப்போ ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம். ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களுக்கு வந்த பெண் பிள்ளைகள் கதை தனி. ‘சுமங்கலித் திட்டம்’னு பேர் வச்சு, மூணு வருஷம் வேலை பார்த்தா கல்யாணச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை கிடைக்கும்னு கூட்டிட்டு வந்தாங்க. எல்லாருமே ஒரு வீட்டை விட்டுட்டு வந்தவங்க. ஒவ்வொருத்தரோட ஊர்லயும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட நூறு பேர் இருப்பாங்க. இங்கே அவர் ‘ஓவர்லாக் டெய்லர்’, இல்லைன்னா ‘செக்கிங்’, இல்லைன்னா ‘ஹெல்ப்பர்’.

நான் எழுதற சாஃப்ட்வேர் இந்த மாதிரி கம்பெனிகளுக்குத்தான். ஒவ்வொரு பண்டிலுக்கும் ஒரு பார்கோடு. ஒரு டெய்லர் ஒரு மணி நேரத்துல எத்தனை பீஸ் முடிச்சார், லைன்ல எந்த இடத்துல வேலை தேங்குது, எல்லாம் திரையில தெரியும். ஒரு ஆளைப் பத்தி அதுல பதினெட்டு விவரம் இருக்கு. அவர் இன்னைக்கு யார்கிட்டயாவது பேசினாரா என்பதற்கு அதுல கட்டம் கிடையாது. இருக்கவும் முடியாதுதான், அது அந்த சாஃப்ட்வேரோட வேலை இல்லை. ஆனா அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோணறது இதுதான்: ஒருத்தரைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சும், அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியாம இருக்க முடியுது.

எனக்கும் இது புதுசு இல்லை. பெங்களூர்ல மூணு வருஷம் ஒரு பி.ஜி.யில இருந்தேன். ஒரு தடவை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததுல இருந்து திங்கட்கிழமை காலை வரைக்கும் நான் வாயைத் திறந்து பேசினது மொத்தம் ரெண்டே வாக்கியம்: ‘ஒரு டீ’, ‘பே பண்ணிட்டேன்’. அந்த ரெண்டு நாளும் கந்தர் அனுபூதி கேட்டுட்டேதான் இருந்தேன். பக்தி குறையலை. தனிமையும் குறையலை. அன்னைக்குத்தான் இந்தக் கேள்வி எனக்குள்ள விழுந்தது.

பழைய தமிழ் சொல்ற ஒரு விஷயம்

நம்ம சங்க இலக்கியத்துல பாதிக்கு மேல பிரிவுதான். தலைவன் எதுக்குப் பிரியறான் என்பதற்குத் தொல்காப்பியம் காரணங்களைப் பட்டியல் போடுது. படிப்புக்காகப் பிரிவான், போருக்காகப் பிரிவான், தூது போவான், பொருள் தேடவும் போவான். பொருளுக்காகப் போறதைப் பொருள்வயிற் பிரிவுன்னு சொல்லுவாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே, வீட்டுல ஒருத்தி காத்திருக்க, சம்பாதிக்க ஒருத்தன் வறண்ட வழியில நடந்து போயிருக்கான். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு பையைத் தோள்ல போட்டு இறங்கறவனை அந்தப் புலவர்கள் பார்த்திருந்தா உடனே அடையாளம் கண்டுபிடிச்சிருப்பாங்க.

ஆனா அந்தப் பாட்டுகளை வரிசையாப் படிச்சா ஒரு விஷயம் கண்ணுல படும். அவ்வளவு தனிமையிலும் அந்தத் தலைவி பேசறது காத்துக்கிட்ட இல்லை. பெரும்பாலும் எதிர்ல தோழி இருக்கா. தோழி இல்லாத இடத்துல தலைவியோ தலைவனோ தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுவாங்க, கடற்கரை நண்டையோ பறவையையோ கூப்பிட்டுப் பேசுவாங்க. யாராவது ஒருத்தர் கேட்டே ஆகணும்.

குறுந்தொகையில கபிலர் பாடின ஒரு பாட்டு இருக்கு. தலைவன் ரகசியமா வாக்குக் கொடுத்தப்போ சாட்சிக்கு ஒருத்தரும் இல்லை, ஓடுற தண்ணியில மீனைப் பார்த்துட்டு நின்ன ஒரு நாரை மட்டும்தான் இருந்ததுன்னு தலைவி புலம்பறா. அன்னைக்கு யாருமே இல்லைன்னு சொல்ற பாட்டு அது. ஆனா அதைத் தோழிகிட்ட சொல்றா! சாட்சிக்கு ஆள் இல்லாம போச்சு, சொல்றதுக்கு ஆள் இருக்கு. அவ உயிரோட இருக்கறதே அந்த ஒரு ஆளாலதான்னு எனக்குப் படும்.

இது தற்செயல் இல்லைங்க. செய்யுளுக்கு என்னென்ன உறுப்பு வேணும்னு தொல்காப்பியர் 34 சொல்றார். அதுல எழுத்து, அசை, சீர் எல்லாம் இருக்கு. கூடவே ‘கேட்போர்’ என்பதும் ஒரு உறுப்பு. கேக்கற ஆள் வெளியில நிக்கற ரசிகர் இல்லை, பாட்டோட உடம்புல ஒரு பாகம்.

எனக்குக் கிடைச்ச பதிலின் முதல் பாதி இங்கதான் இருக்கு. தனிமைன்னா பக்கத்துல ஆள் இல்லாததுன்னு நாம நினைக்கிறோம். ஆறு பேர் படுத்திருக்கிற ரூம்ல வர்ற தனிமையை அந்த அர்த்தத்தை வச்சு விளக்கவே முடியாது. அங்கே இல்லாதது கேட்போர். ஒருத்தர் மனசுல ஒரு பேச்சு உருவாகுது, அதைப் போடறதுக்கு ஒரு காது இல்லை. அந்தப் பேச்சு உள்ளேயே தங்கிப் புளிச்சுப் போகுது.

புதுமைப்பித்தனோட ‘செல்லம்மாள்’ கதையைப் படிச்சவங்களுக்கு இது நல்லாப் புரியும். பிரமநாயகம் பிள்ளை தெற்கத்திச் சீமையில இருந்து பிழைக்க வந்தவர். சென்னையில ஒரு ஜவுளிக்கடையில வேலை. பெண்டாட்டி நோயாளி. ஊருக்கு ஒரு தடவை போயிட்டு வரணும்னு அவளுக்கு ஆசை. கடைசியில ஒரு ராத்திரி அவ உயிர் போகுது, அத்தனை பெரிய நகரத்துல அந்த மனுஷன் தனியா அந்த உடம்போட உக்காந்திருக்கார். 1940களில் எழுதின கதை. துணி விற்கிற கடைக்குப் பதிலா துணி தைக்கிற கம்பெனி, சென்னைக்குப் பதிலா நம்ம ஊர்னு மாத்திப் போட்டா எதுவும் வித்தியாசமாத் தெரியாது. சங்கப் பாட்டுல தோழி நின்ன இடம் அந்த வீட்டுல காலியா இருக்கு. அந்தக் கதையில என்னைப் பயமுறுத்தினது சாவு இல்லை, அந்தக் காலி இடம்தான்.

ப்ளூ டிக்

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. பிரிட்டன்ல 2018 ஜனவரியில தனிமைக்குன்னே ஒரு அமைச்சரை நியமிச்சாங்க. ஜப்பான் 2021 பிப்ரவரியில அதே மாதிரி செஞ்சது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன்ல வெளியிட்ட அறிக்கையில, உலகத்துல ஆறு பேர்ல ஒருத்தர் தனிமையில இருக்கறதாகவும், வருஷத்துக்கு 8,71,000க்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதோட தொடர்பு இருக்கறதாகவும் கணக்குச் சொல்லியிருக்காங்க. வயசானவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம்னு நினைச்சுட்டு இருந்தேன். 13 முதல் 29 வயசு வரைக்கும் இருக்கறவங்கள்ல 17 முதல் 21 சதவீதம் பேர் இதைச் சொல்றாங்களாம். எங்க செட்டு!

எங்க கையிலதான் எப்பவும் போன் இருக்கே, அப்புறம் எப்படி? நான் இந்தத் தொழில்ல இருக்கறதால ஒண்ணு சொல்றேன். போன்ல நமக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் பதில், கேட்டல் இல்லை. ப்ளூ டிக் வந்தா பார்த்தாச்சுன்னு அர்த்தம். கைகூப்பற எமோஜி வந்தா பார்த்துட்டு ஒரு வினாடி நின்னாங்கன்னு அர்த்தம். கேக்கறதுன்னா ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், முடிச்சதும் அடுத்த கேள்வி கேக்கணும். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ன்னு ஒருத்தர் க்ரூப்ல போட்டா, நாப்பது பேர் ‘முருகன் காப்பாத்துவான்’னு போடுவாங்க. நல்ல மனசோடதான் போடறாங்க. ஆனா ‘அம்மாவுக்கு என்னாச்சுங்க? ஆஸ்பத்திரியில யார் கூட இருக்காங்க?’ன்னு அந்த நாப்பது பேர்ல ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டா, அன்னைக்கு ராத்திரி அவர் தூங்குவார்.

கேட்போர் இல்லாத ஊரில் பொய் பேசும்

தனிமை அவரவர் மனசுக் கஷ்டம், ஊருக்கு அதனால என்னன்னு கேக்கலாம். 2023 மார்ச் மாசத்தை ஞாபகப்படுத்திக்குங்க.

வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கறாங்க, கொல்றாங்கன்னு வீடியோக்கள் பரவினது அப்போதான். வேற ஊர்ல, வேற காரணத்துக்கு நடந்த சம்பவங்களோட வீடியோ அதெல்லாம். பீகார் சட்டசபையில பெரிய சத்தம். அந்த அரசு ஒரு அதிகாரிகள் குழுவையே அனுப்பி வச்சது. அவங்க திருப்பூருக்கும் வந்து விசாரிச்சாங்க. தமிழ்நாடு போலீஸ் அந்த வீடியோக்கள் பொய்னு அறிவிச்சது, பரப்பினவங்க மேல வழக்குப் போட்டது. இங்கே ஹெல்ப்லைன் திறந்தாங்க, ஹிந்தியில பேசி தைரியம் சொன்னாங்க. அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. வழக்கமா ஹோலிக்கு ஊருக்குப் போறவங்க ஸ்டேஷன்ல நின்ன கூட்டமும் பயந்து ஓடற கூட்டம்னே பேசப்பட்டது.

அந்த வீடியோவை ஒரு ரூம்ல உக்காந்து பார்க்கிற பீகார் பையனை நினைச்சுப் பாருங்க. ஊர்ல இருந்து அவன் அம்மா அழுதுட்டு போன் பண்றாங்க. அவன் அஞ்சு வருஷமா இங்க இருக்கான். வாசல் தாண்டினா நம்ம ஆளுங்கதான். ஆனா ‘அண்ணா, இது உண்மையா?’ன்னு போய்க் கேக்க அவனுக்கு ஒரு கதவு இல்லை. மொழி மட்டும் காரணம் இல்லைங்க. ஒரு டீக்கடைக்காரர், ஒரு வீட்டு ஓனர், பக்கத்து மெஷின்காரர், யாராவது ஒருத்தர் அவனுக்குத் தோழி இடத்துல இருந்திருந்தா, அந்தப் பொய் அந்த வாசல்லயே நின்னிருக்கும். இந்தப் பக்கமும் அதே கதைதான். அவங்களைப் பத்தி நம்ம க்ரூப்கள்ல ஓடின பார்வேர்டுகளை நிறுத்திக் கேக்க நம்மகிட்ட ஒரு ஒடியாக்காரர் நம்பரோ ஒரு பீகார்காரர் நம்பரோ இருந்ததா? கேட்போர் இல்லாத ரெண்டு கூட்டம் ஒரே ரோட்டுல நடந்தா, நடுவுல புகுந்து பொய்தான் பேசும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. மேற்கு வங்கத்துலயும் ஒடிசாவுலயும் கார்த்திக் பூஜை உண்டு. மயில் மேல வேலோட உக்காந்திருக்கிறவன்தான். என் பைக்ல ஒட்டியிருக்கிற முருகன் படத்தைப் பார்த்து ஒரு ஒடிசாப் பையன் ‘கார்த்திகேஸ்வர்’னு சொன்ன அன்னைக்கு எனக்கு அது புரிஞ்சது. ஒரே தெருவுல ஒரே சாமியை ரெண்டு பேர்ல கும்பிட்டுட்டு, ஒருத்தருக்கொருத்தர் பேர் கேட்டுக்காம இருக்கோம்.

அப்போ பக்தி என்ன செய்யும்?

முதல் கேள்விக்கு வர்றேன். தனிமை வந்தா பக்திக் குறைவா?

இல்லைங்க. அருணகிரிநாதரை விடப் பெரிய முருக பக்தரை நமக்குத் தெரியாது. கந்தர் அலங்காரத்துல திருச்செங்கோட்டு முருகனை நினைச்சு அவர் பாடின ஒரு பாட்டு உங்க எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கும். கண்ணுக்கு எது துணை, நாக்குக்கு எது துணை, முன்னால செஞ்ச பழிக்கு எது துணைன்னு அடுக்கிட்டு, கடைசியா அஞ்சி அஞ்சி ஒத்தையா நடக்க வேண்டிய வழிக்கு வேலும் மயிலும்தான் துணைன்னு முடிப்பார். நாம தினமும் டைப் பண்ற வார்த்தைக்கு வேர் அங்க இருக்கு. கவனிங்க, அவர் எனக்குப் பயம் இல்லைன்னு சொல்லலை. வழி ஒத்தையானதுன்னும் பயமானதுன்னும் ஒத்துக்கிட்டுத்தான் துணையைக் கேக்கறார். பயத்தைச் சொன்னதால அவர் பக்தி குறைஞ்சு போச்சுன்னு யாரும் சொல்ல மாட்டோம். அப்புறம் ராத்திரி ரூம்ல கல்லு மாதிரி கனம் வர்ற ஒரு தம்பிகிட்ட மட்டும் ஏன் அப்படிச் சொல்லணும்?

இன்னும் பக்கத்துல ஒரு சாட்சி உண்டு. நம்ம திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பரிசுகளோட சுந்தரர் இந்த வழியா வந்தப்போ, சிவகணங்களே வேடர் உருவத்துல வந்து பறிச்சுக்கிட்டதா வரலாறு சொல்லும். அந்த ஒத்தை வழியில நின்னு அவர் பாடினது பணிவான பாட்டு இல்லை. வழிப்பறி நடக்கிற இந்த ஊர்ல நீ எதுக்கய்யா இருக்கேன்னு சாமியையே சண்டைக்கு இழுக்கற பதிகம். அவருக்குத் தம்பிரான் தோழர்னு பேர். மறுபடி அதே தோழமை. குறையை வாய்விட்டுச் சொல்ற உரிமை இருக்கிற உறவுக்குப் பேர்தான் தோழமை. அதனால ‘முருகா, எனக்கு ஒத்தையா இருக்குடா’ன்னு சொல்றதும் வழிபாடுதான்.

சரி, சாமிகிட்ட சொல்லிட்டேன், அவன் கேக்கறான், மனுஷங்க எதுக்குன்னு ஒரு வாதம் வரும். பழனி ஆண்டியே தனியாத்தானே நிக்கறான், தனிமை ஞானத்துக்கு வழிதானேன்னும் சொல்லுவாங்க. மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனா துறந்தவனுக்கும் தொலைச்சவனுக்கும் வித்தியாசம் இருக்குங்க. ஆண்டி எல்லாம் இருந்தும் விட்டுட்டு மலையேறினவன். திரும்பி வான்னு கூப்பிட அம்மையும் அப்பனும் பின்னாலயே வந்தாங்க. காம்பவுண்டு ரூம்ல இருக்கிறவன் எதையும் துறக்கலை, கடனை அடைக்க வந்திருக்கான். அவன் தனிமைக்கு ஞானம்னு பேர் வைக்க நமக்கு உரிமை இல்லை.

அப்போ கேக்கறது யார் வேலை? இங்கதான் பதிலின் மறு பாதி. திருமுருகாற்றுப்படைக்கு ஒரு கதை சொல்லுவாங்க. திருப்பரங்குன்றத்துல ஒரு பூதம் 999 பேரைக் குகையில அடைச்சு வச்சிருக்கு. ஆயிரம் ஆனதும் விழுங்கணும்னு திட்டம். ஆயிரமாவது ஆளா நக்கீரர் மாட்டறார். அவர் பாடறார், முருகன் வர்றான், குகை உடையுது. வெளியில வந்தது நக்கீரர் மட்டும் இல்லை, ஆயிரம் பேரும். ஒருத்தர் கூப்பிட்டது எல்லாருக்குமாச்சு. ஆற்றுப்படை என்கிற வகையே அதுதான்: போய்ப் பலன் அடைஞ்சு வந்தவர், இன்னும் போகாதவருக்கு வழி சொல்றது. முருகன் மேல பாடப்பட்ட அந்தப் பெரிய பாட்டே ஒருத்தர் இன்னொருத்தருக்கு வழித்துணையாகிற வடிவத்துல இருக்கு. முருகன் துணைங்கறதும், பக்கத்துல இருக்கறவருக்கு நான் துணைங்கறதும் ரெண்டு வேற வேலைன்னு எனக்குத் தோணலை.

தோழி யாருன்னு தொல்காப்பியம் சொல்றது இன்னும் அழகு. செவிலியோட மகளாம். கூடப் பிறந்தவ இல்லை, கூட வளர்ந்தவ. ரத்தத்தால வந்த கடமை இல்லை, பக்கத்துல இருந்ததால வந்த கடமை. அந்தக் கணக்குல பார்த்தா பக்கத்து மெஷின், பக்கத்து ரூம், பஸ்ல தினமும் அதே சீட்டுல வர்றவர், இவங்களுக்கெல்லாம் நாம கொஞ்சம் கடன்பட்டவங்க. சில பேருக்குப் பேச இஷ்டம் இருக்காது, அதையும் மதிக்கணும். துருவித் துருவிக் கேக்கறது துணை இல்லை. பேரைக் கேட்டு, அடுத்த வாரம் அந்தப் பேரை ஞாபகம் வச்சுக் கூப்பிட்டாலே போதும். மீதியை அவங்க விருப்பத்துக்கு விட்டுடலாம்.

பாதயாத்திரை போறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியா நடக்கும்போது எங்க குழுவுல ஒரு வழக்கம் உண்டு. கால் வலிச்சுக் கடைசியா வர்றவர் கூட யாராவது ஒருத்தர் நடக்கணும். அவர் எந்த ஊர், என்ன வேலைன்னு கேள்வி கிடையாது, எல்லாரும் ‘சாமி’தான். வேகமா நடக்க முடிஞ்சவங்களும் முறை போட்டுப் பின்னால வருவாங்க. பேசிட்டே வரலாம், பேசாமலும் வரலாம். ஊருக்குத் திரும்பி மாலையைக் கழட்டினதும் அந்த வழக்கத்தையும் சேர்த்துக் கழட்டி வச்சுடறோம். அதுதான் எனக்கு வருத்தம். பழனி ரோட்டுல செய்யத் தெரிஞ்சதை அவிநாசி ரோட்டுலயும் செய்யலாம்தானேங்க?

அதனால க்ரூப்ல இருக்கற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். நாளைக்குக் காலையில வேல் படம் போட்டதும், ரொம்ப நாளா எதுவும் போடாம இருக்கிற ஒருத்தர் பேரைத் தேடுங்க. மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. அவர் பேசி முடிக்கிற வரைக்கும் இருங்க.

இதைப் படிக்கிற நீங்களே அந்தக் கனத்தோட இருந்தா, வெக்கப்படாதீங்க. முருகன்கிட்டயும் சொல்லுங்க, ஒரு மனுஷர்கிட்டயும் சொல்லுங்க. நடுராத்திரியில யாரையும் எழுப்பத் தயக்கமா இருந்தா 14416க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ்னு பேர், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பக்கத்து ரூம்ல ஹிந்தியோ ஒடியாவோ பெங்காலியோ பேசற ஒருத்தர் இருந்தா அவருக்கும் இந்த நம்பரை எழுதிக் கொடுங்க. பேரைக் கேக்க அது ஒரு சாக்கு ஆகட்டும்.

வேலும் மயிலும் துணை.